ஐம்பதா, முப்பத்தைந்தா, இருபத்துநான்கா? முதல் பிரைம் லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

அக்கா மகன் ஆடி மாதம் ஒரு கேமரா வாங்கினான். கூடவே பெட்டியில் வந்த 18-55 லென்ஸைத் திருகிப் பார்க்கத் தொடங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. "மாமா, ஐம்பது வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆவணியில் தங்கை நிச்சயதார்த்தத்துக்குள் கைக்கு வந்துவிட வேண்டும்" என்று வந்து நின்றான். ஐம்பது என்றால் 50 மி.மீ. லென்ஸ். ஏன் அது என்று கேட்டேன். மூன்று காரணம் சொன்னான். எல்லோரும் முதலில் அதைத்தான் வாங்குகிறார்களாம். அது மனிதக் கண் பார்ப்பதைப் போலவே பார்க்குமாம். பின்னால் இருப்பதெல்லாம் மங்கிப்போய் ஆள் மட்டும் தனியே தெரிவாராம்.

மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியவர்களின் லென்ஸ்கள்தான் ஆறே மாதத்தில் "புதிதுபோல் உள்ளது" என்ற குறிப்போடு விற்பனைக்கு வருகின்றன. அவனுக்கு இரண்டு மாலைகளில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

பிரைம் என்றால் என்ன?

காட்சியை விரிக்கவும் சுருக்கவும் முடிகிற லென்ஸ், ஸூம் லென்ஸ். கேமராவோடு வரும் 18-55 அந்த வகை. அதைக் கிட் லென்ஸ் என்பார்கள். பிரைம் லென்ஸ் அப்படி மாறாது, ஒரே அளவில் நிற்கும். ஆளைப் பெரிதாக எடுக்க வேண்டுமா, நாம்தான் நாலு அடி முன்னால் நடக்க வேண்டும்.

இது குறைதானே என்றால், குறைதான். ஆனால் உள்ளே கண்ணாடிகளை முன்னும் பின்னும் ஓட்டும் ஏற்பாடு தேவையில்லாததால், குறைந்த செலவில், ஒளி நுழையும் துளையைப் பெரிதாக வைத்து அதைச் செய்துவிட முடிகிறது. கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸில் இருப்பவை ஆறே கண்ணாடிகள் (எஃப் என்பது துளைக் கணக்கு, பின்னால் வருகிறது; எஸ்டிஎம் என்பது கேனனின் ஒரு வகை ஃபோகஸ் மோட்டாரின் பெயர்). அதே நிறுவனத்தின் 18-55 எஸ்டிஎம் லென்ஸில் பதின்மூன்று. ஃபிலிம் காலத்திலிருந்தே 50 செய்வது எளிது. அதனால்தான் அது மலிவு. புதியவர்களுக்கு உகந்தது என்பதால் யாரும் அதன் விலையைக் குறைத்து வைக்கவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

திண்ணையிலிருந்தும் கொல்லையிலிருந்தும்

கும்பகோணத்துப் பழைய தெருக்களில் வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அக்கா வீட்டில் வாசல் நிலையும் கொல்லை நிலையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. கொல்லைப் பக்கம் நின்று வாசலைப் பாருங்கள். நிலைச் சட்டத்துக்குள் எதிர்வீட்டுத் திண்ணைத் தூண் ஒன்றும் அதில் கட்டியிருக்கும் மாடும்தான் தெரியும். கூடத்துக்கு வந்து பார்த்தால் எதிர்வீடு முழுவதும் தெரியும். ரேழியில், நிலைக்கு ஒரு முழம் உள்ளே நின்றால், எதிர்வரிசை வீடுகள் ஏழெட்டு ஒரே பார்வையில் வந்துவிடும்.

வாசல் அதே வாசல். மாறியது கண்ணுக்கும் நிலைக்கும் இடையே உள்ள தூரம். பின்னால் போகப் போகப் பார்வை குறுகுகிறது, முன்னால் வர வர விரிகிறது.

கேமராவிலும் இதே கணக்குதான். கண் இருந்த இடத்தில் லென்ஸ். வாசல் நிலை இருந்த இடத்தில் சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் செவ்வகச் சில்லு. வெகு தொலைவில் உள்ள பொருள் தெளிவாகத் தெரியும்படி வைத்திருக்கும்போது லென்ஸின் மையத்துக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம்தான் குவியத் தூரம். லென்ஸின் மேல் 18 என்றும் 50 என்றும் மில்லிமீட்டரில் எழுதியிருப்பது இதைத்தான். ஒரே வித்தியாசம், கேமராவில் 'நிலை' கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் படம் தலைகீழாக விழும். அதை நிமிர்த்திக் காட்டுவது கேமராவின் வேலை.

ஓர் இடத்தில் என் வீட்டு உவமை நொண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பின்னால் நடக்கும்போது தெருவிலிருந்தும் நாம் விலகிப் போகிறோம். கேமராவில் ஸூமைத் திருகும்போது நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம், நிலை மட்டும் விலகுகிறது. ஓவியம் எடுத்துவிட்ட வெற்றுப் படச்சட்டம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தருகே வைத்துப் பார்த்தால் தெரு முழுவதும் தெரியும். கையை நீட்டினால் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் சட்டத்துக்குள் இருக்கும் மாடும் மாட்டுக்குப் பின்னால் இருக்கும் மரமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன என்பது மாறவே மாறாது. அது நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. "அகல லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும்" என்பது இதனால்தான் அரைகுறைப் பேச்சு. மூக்கைப் பெரிதாக்கியது ஒன்றரை அடியில் போய் நின்று படம் எடுத்த நம் கால்.

ஒரு கதவை முக்கால்வாசி சாத்தினால்

இப்போது அதிகம் குழப்பும் பேச்சுக்கு வருவோம்: "ஐம்பது இந்தக் கேமராவில் எண்பதாகிவிடும்."

பழைய ஃபிலிம் படச்சட்டத்தின் அளவு 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். அதே அளவில் சென்சார் உள்ள கேமராக்களை முழுச்சட்டக் கேமரா என்பார்கள், விலையும் முழு விலையாக இருக்கும். தொடக்கநிலைக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார். கேனனில் அதன் அகலம் 22.3 மி.மீ., நிக்கானிலும் சோனியிலும் ஏறத்தாழ 23.5 மி.மீ.

அக்கா வீட்டு வாசலுக்கு இரட்டைக் கதவு. கூடத்தில் நகராமல் நின்றுகொண்டு, ஒரு கதவை முக்கால்வாசி சாத்தச் சொல்லுங்கள். தெரியும் தெரு குறுகிவிடும். நீங்கள் பின்னால் போய்விட்டீர்களா? இல்லை, நின்ற இடத்திலேயேதான் நிற்கிறீர்கள். வாசல்தான் குறுகியது. ஏபிஎஸ்-சி கேமராவில் நடப்பது இதுவே. 50 எப்போதும் 50தான். முழுச்சட்டக் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் எவ்வளவு குறுகலாகக் காட்டுமோ, அவ்வளவு குறுகலாகக் கேனனின் சிறு சென்சாரில் 50 காட்டுகிறது, அவ்வளவே. நிக்கானில் அது 75 அளவுக்கு.

இதையொட்டி இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. சிறு சென்சாருக்கென்றே செய்த லென்ஸில் எழுதியிருக்கும் எண் ஏற்கெனவே கணக்குப் போட்டு மாற்றியது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. நிக்கானின் டிஎக்ஸ், அதாவது சிறு சென்சாருக்கான, 35ம் டிஎக்ஸ் அல்லாத 35ம் ஒரே 35தான்.

"கண் பார்ப்பதுபோல்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? படச்சட்டத்தின் மூலைவிட்ட நீளத்துக்கு அருகில் குவியத் தூரம் உள்ள லென்ஸ் தரும் படம் விரிந்ததாகவும் தோன்றாது, நெருங்கியதாகவும் தோன்றாது. 36க்கு 24 சட்டத்தின் மூலைவிட்டம் 43 மி.மீ. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் இருந்தது, அதுவே பிற்பாடு வழக்கமாகிவிட்டது. நம் கையில் இருக்கும் சிறு சென்சாரின் மூலைவிட்டமோ 27, 28 மி.மீ. ஆகவே பழைய பெரியவர்கள் "ஐம்பது" என்று சொன்னதன் பொருளை இந்தக் கேமராவில் தருவது 35 அல்லது அதற்கும் சற்றுக் குறைவான எண்தான். அவர்கள் தவறாகச் சொல்லவில்லை. நாம்தான் வாசலை மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டுவிட்டோம்.

இதுவரை பார்த்தது: குவியத் தூரம் என்பது கண்ணுக்கும் நிலைக்கும் உள்ள தூரம், சென்சார் என்பது நிலையின் அகலம். இரண்டும் சேர்ந்துதான் எவ்வளவு தெரியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. எந்த அளவுப் பேச்சைக் கேட்டாலும் எந்தச் சென்சாருக்குச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அடிக்கணக்கு

இனி இதைக் கைக்கு எட்டும் கணக்காக்கலாம். ஏபிஎஸ்-சி கேமராவைப் படுக்கையாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மி.மீ. லென்ஸில், நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ ஏறத்தாழ அவ்வளவு அகலம் படத்தில் வரும். 35-இல் அதில் மூன்றில் இரண்டு பங்கு. 50-இல் பாதிக்கும் சற்றுக் குறைவு. கிட் லென்ஸின் 18-இல் ஒன்றேகால் மடங்கு. இந்த நாலு விகிதமும் நினைவில் இருந்தால் போதும், வேறு எந்த அட்டவணையும் வேண்டாம்.

நிச்சயதார்த்தத்துக்கே போட்டுப் பார்ப்போம். கூடத்தில் ஜமக்காளம் விரித்து இரு வீட்டாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், வரிசை 12 அடி. 24-இல் எடுக்க 13 அடி பின்னால் நின்றால் போதும். 35-இல் 18, 19 அடி. 50-இல் 27 அடி! அக்கா வீட்டுக் கூடத்தில் 27 அடி பின்னால் போனால் முற்றத்தைத் தாண்டி அடுக்களைக்குள் போய், கேசரி கிளறுகிற பெரியம்மாவின் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அங்கிருந்து வரிசை தெரியுமா என்றால், நடுவில் தாம்பூலத் தட்டுகளோடு குறுக்கும் நெடுக்கும் போகிற பதினைந்து பேர்தான் தெரிவார்கள்.

இதை நான் ஏட்டிலிருந்து சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன், மன்னார்குடியில் ஓர் உறவினர் வீட்டு வளைகாப்புக்கு 50-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பத்தடி அறை. பத்தடியில் 50 காட்டுவது நாலரை அடி அகலம். வளையல் அடுக்கும் கை வருகிறது, அடுக்கிக்கொள்பவர் முகம் வருகிறது, அடுக்குகிற அத்தை முகம் பாதியில் வெட்டுப்படுகிறது. முதுகு சுவரில் ஒட்டி, சட்டையில் சுண்ணாம்பு அப்பியதுதான் மிச்சம்.

துளையும் பம்ப்செட் குழாயும்

பிரைம் லென்ஸை வாங்கச் சொல்லும் உண்மையான காரணம் இனிதான் வருகிறது. லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை அப்பர்ச்சர் என்பார்கள். நம் பக்கத்தில் இதைப் புரிய வைப்பது எளிது. இரண்டு அங்குலக் குழாய் போட்ட பம்ப்செட்டையும் நாலு அங்குலக் குழாய் போட்டதையும் பார்த்தவர்களுக்கு, அகலம் இரட்டித்தால் வாயின் பரப்பு நான்கு மடங்காகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒளிக்கும் அதே கணக்கு.

லென்ஸில் எஃப் 1.8, எஃப் 5.6 என்று எழுதியிருப்பது துளையின் அளவு அல்ல, பங்கு. குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் அகலம் கிடைக்கும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28 மி.மீ. கிட் லென்ஸை 50-க்குத் திருகினால் அதன் மிகப் பெரிய துளை எஃப் 5.6 அளவுதான், அதாவது 9 மி.மீ. சின்ன எண்ணுக்குப் பெரிய துளை ஏன் என்ற குழப்பமும் இதோடு தீர்ந்தது. வகுக்கும் எண் சிறிதானால் வருவது பெரிது.

28-க்கும் 9-க்கும் அகலத்தில் மூன்று மடங்கு வித்தியாசம். பரப்பில், அதாவது ஒளியில், கிட்டத்தட்ட பத்து மடங்கு. இதை நடைமுறையில் பார்க்க வேண்டுமானால் சுவாமிமலைக்குப் போங்கள். ஐம்பொன் வார்க்கும் பட்டறைகளில் வெளிச்சம் கம்மி. உருகிய உலோகத்தை மூசையிலிருந்து அச்சுக்குள் ஊற்றுகிற நேரமும் சில நொடிகளே. ஊற்றும் கை அசைகிறது என்பதால் ஷட்டர், அதாவது ஒளி உள்ளே வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் கதவு, வேகமாக மூட வேண்டும். கிட் லென்ஸில் இந்த வேகத்துக்குக் கேமரா தன் உணர்திறனை, ஐஎஸ்ஓ எனப்படும் எண்ணை, 6400-க்கு ஏற்ற வேண்டிவந்தால், எஃப் 1.8-இல் 640 போதும். 6400-இல் எடுத்த படத்தில் இருட்டுப் பகுதிகளில் ரவை தூவியதுபோல் புள்ளிகள் இருக்கும். 640-இல் அது கண்ணில் படாது.

"கிட் லென்ஸில் நடுக்கம் தாங்கும் வசதி இருக்கிறதே, போதாதா?" என்று கேட்டான். பல கிட் லென்ஸ்களில் அது உண்டு, மலிவான 50 எஃப் 1.8-களில் பெரும்பாலும் கிடையாது. ஆனால் அந்த வசதி தாங்குவது நம் கையின் நடுக்கத்தை. ஊற்றுகிறவர் கையை, ஓடுகிற குழந்தையை அது ஒன்றும் செய்யாது.

ஒரு நேர்மையான குறிப்பு. எல்லாப் பிரைமும் இந்தப் பத்து மடங்கைத் தராது. கேனனின் 24 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8 தான். கிட் லென்ஸே 24-இல் எஃப் 4 அளவுக்குத் திறக்கும் என்பதால் லாபம் இரண்டு மடங்கு மட்டும். 35 எஃப் 1.8-இல் ஐந்தாறு மடங்கு. காட்சியின் அகலம் கூடக் கூட ஒளி லாபம் குறைகிறது. மலிவு விலையில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது.

மங்கல் என்னும் ஆசை

பெரிய துளையின் இன்னொரு விளைவுதான் எல்லோரும் ஆசைப்படும் பின்னணி மங்கல். எந்த லென்ஸாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ளதுதான் மிகக் கூர்மையாக விழும். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம்வரை கூர்மையாகவே தோன்றும். அந்தக் 'கொஞ்ச தூரம்' புலக்கூர்மை ஆழம் எனப்படும். துளை பெரிதானால் இது குறுகும்.

எவ்வளவு குறுகும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஏபிஎஸ்-சி கேமராவில் 50-ஐ எஃப் 1.8-இல் வைத்து இரண்டு மீட்டரில் உள்ள ஆளை எடுத்தால் அந்த ஆழம் 11 செ.மீ. அளவுதான், ஒரு சாண்கூட இல்லை. ஒரு மீட்டரில் எடுத்தால் மூன்று செ.மீ.க்கும் குறைவு: கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் அரையடி முன்னால் சாய்ந்தாலே, ஒருவர் முகம் மங்கிய படம்தான் கிடைக்கும். அதை ஆல்பத்தில் ஒட்டிப் பாருங்கள், சம்பந்தி வீட்டில் யார் முகம் மங்கியது என்பதை வைத்து ஒரு பஞ்சாயத்தே நடக்கும். இரண்டு பேர் என்றால் எஃப் 2.8, குழு என்றால் எஃப் 4, 5.6 என்று துளையைச் சுருக்குங்கள். வாங்கியது எஃப் 1.8 என்பதற்காக எல்லாப் படத்தையும் எஃப் 1.8-இல் எடுக்க வேண்டும் என்று எவரும் எழுதி வாங்கவில்லை.

மங்கலுக்குத் துளை மட்டும் காரணமும் அல்ல. ஆளுக்கும் பின்னணிக்கும் இடையே தூரம் வேண்டும். சுவரோடு ஒட்டி நிற்க வைத்துவிட்டு, சுவர் ஏன் மங்கவில்லை என்று லென்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆளை ரேழிக் கதவோரம் இழுத்து நிறுத்தி, பின்னால் முற்றமும் கொல்லையும் இருக்கும்படி எடுங்கள், கிட் லென்ஸ்கூடக் கொஞ்சம் மங்கலைத் தரும்.

இதுவரை பார்த்தது: பெரிய துளை இரண்டு தருகிறது, கூடுதல் ஒளியும் குறுகிய கூர்மையும். முதலாவது எப்போதும் வரம். இரண்டாவது எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

எந்த எண் யாருக்கு?

நான் முதலில் கேட்பது துளையை அல்ல: நீங்கள் எடுக்கப்போகும் பொருளிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க முடியும்?

சுவாமிமலைப் பட்டறையில் உலையின் வெக்கையே நம்மை எட்டுப் பத்தடி தள்ளி நிறுத்திவிடும். அங்கே 50 அருமை. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் தூண்களில் சாண் அளவுச் சதுரங்களுக்குள் செதுக்கிய சிற்பங்களுக்கும் 50 சரி. கேனனின் 50 எஸ்டிஎம் 35 செ.மீ. வரை நெருங்கவிடும். திறந்த வெளியில், வரப்பில், படித்துறையில் ஒருவரை மட்டும் மார்பளவுக்கு எடுக்க 50 போல் மலிவும் அழகும் வேறில்லை.

நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்யும் பட்டறை போன்ற சிறிய இடமென்றால், கைவினைஞரும் கருவியும் கடைசலும் ஒரே படத்தில் வர 35 வேண்டும். வீட்டு விசேஷம், சமையல், குழந்தைகள் என்று கலந்து எடுப்பவர்களுக்கும் ஒரே ஒரு பிரைம்தான் என்றால் என் தேர்வு 35. கூட்டுக் குடும்பம், குறுகிய கூடம், தெரு என்றால் 24.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு? விமானத்தின் உயரம் 200 அடிக்கு மேல். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும், அடிக்கணக்கின்படி 50-இல் அதை முழுதாக அடக்க 450 அடி விலக வேண்டும். கிட் லென்ஸின் 18-இல் 160 அடி போதும். வெயிலில் நிற்கும் கட்டடத்துக்குப் பெரிய துளையும் தேவையில்லை. கிட் லென்ஸே உத்தமம், காசை மிச்சப்படுத்துங்கள். கோடியக்கரைப் பூநாரைகளுக்கும் இந்தக் கட்டுரையில் உள்ள எந்த லென்ஸும் உதவாது. 50-இல் எடுத்தால் உப்பளத்தில் மிளகு சிந்தியதுபோல்தான் தெரியும்.

பொருந்துமா, தானே ஃபோகஸ் செய்யுமா?

லென்ஸ் கேமராவில் மாட்டும் வாயை மவுன்ட் என்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒரே நிறுவனத்திலும் பழையது புதியது உண்டு. கேனனின் இஎஃப் மவுன்ட் 1987-இல் வந்தது, லென்ஸுக்குப் பின்னால் பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) புதிய கேமராக்களின் ஆர்எஃப் மவுன்ட் 2018-இல். பழைய இஎஃப் லென்ஸை இணைப்பு வளையம் போட்டுப் புதியதில் மாட்டலாம், மறுதலையாக முடியாது.

நிக்கானில் வேறொரு பள்ளம் இருக்கிறது, அதில் நானே விழுந்தேன். பயன்படுத்திய லென்ஸ் விற்கும் கடை ஒன்றில் 50 எஃப் 1.8 டி என்ற லென்ஸ் மலிவாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மாட்டினால் தானாக ஃபோகஸ் ஆகவில்லை. டி வகையில் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் மோட்டார் இருக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைத் தொடக்கநிலைக் கேமராக்களில் அது இல்லை. கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருப்பவற்றில் மோட்டார் உள்ளேயே உண்டு: 2009-இல் வந்த டிஎக்ஸ் 35 எஃப் 1.8 ஜி, 2011-இல் வந்த 50 எஃப் 1.8 ஜி.

சுருக்கமாக, கேனன் எஸ்எல்ஆர், அதாவது அந்தப் பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா, என்றால் 24 எஃப் 2.8 எஸ்டிஎம் அல்லது 50 எஃப் 1.8 எஸ்டிஎம். ஆர்எஃப் என்றால் 28 எஃப் 2.8, 50 எஃப் 1.8. நிக்கான் எஸ்எல்ஆர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிஎக்ஸ் 35. அதைவிட அகலமான மலிவு பிரைம் ஒன்றை அந்தச் சிறு சென்சார் எஸ்எல்ஆர்களுக்கென்று நிக்கான் வெளியிடவேயில்லை. யாங்னுவோ என்ற சீன நிறுவனத்தின் 35 எஃப் 2-வும் 50 எஃப் 1.8-உம் இன்னும் மலிவு. வாங்கும் முன் உங்கள் கேமராவிலேயே மாட்டி ஃபோகஸ் சோதித்துவிடுங்கள்.

பழைய லென்ஸும் ஐப்பசி மழையும்

பயன்படுத்திய லென்ஸ் வாங்குவதில் தவறில்லை. டெல்டாவில் அதற்கு ஒரே ஒரு பெரிய எதிரி, பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் காற்றில் ஈரம் நிற்கும். அப்போது கண்ணாடிகளுக்கு நடுவே சிலந்தி வலைபோல், பஞ்சு நூல்போல் பூஞ்சை படரும். நாளடைவில் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். வாங்கும்போது லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, பின்பக்கமிருந்து கைப்பேசி விளக்கை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். இரண்டு மூன்று தூசிப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை. நூல்போல் தெரிந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய பின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைக்காதீர்கள். இருட்டும் புழுக்கமும் பூஞ்சைக்குப் பிறந்த வீடு, நான் ஒரு லென்ஸை அப்படித்தான் இழந்தேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் அதில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். நீலமாக இருக்கும் வகை ஈரம் குடித்துவிட்டால் இளஞ்சிவப்பாக மாறும். சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அரிசிப் பானையில் புதைத்து வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அரிசிக்கு இங்கே பஞ்சமில்லைதான், ஆனால் தவிட்டுத் தூசி லென்ஸின் வளையங்களுக்குள் இறங்கிவிடும்.

ஒரு வாரச் சோதனை

இத்தனையும் சொல்லிவிட்டு அக்கா மகனிடம் காசை எடுக்காதே என்றேன். கையில் இருக்கும் 18-55-க்குள்ளேயே 24-ம் 35-ம் 50-ம் இருக்கின்றன. ஸூம் வளையத்தை ஒரு எண்ணில் நிறுத்தி, காகித ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு இரண்டு நாள் எடு, பிறகு அடுத்த எண் என்றேன். பசை ஒட்டிக்கொள்ளும் என்பதால் செல்லோடேப் வேண்டாம். அதுவரை எடுத்த படங்களையும் கணினியில் திறந்து, ஒவ்வொரு கோப்பின் விவரங்களிலும் குவியத் தூரம் என்ன என்று பார்க்கச் சொன்னேன். கேமரா அதைத் தானே பதிந்து வைத்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து வந்தான். எடுத்த படங்களில் பாதிக்கு மேல் 18-க்கும் 28-க்கும் இடையில் இருந்தன. 50-இல் ஒட்டியிருந்த இரண்டு நாளும் வீட்டுக்குள் எடுத்த படங்களில் அம்மாவின் முகம் மட்டும்தான் இருந்தது, வீடே இல்லை. "24 வாங்கிவிடுகிறேன் மாமா" என்றான். உடனே, விட மனமில்லாமல், "ஐம்பதைக் கார்த்திகையில் வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டான்.

மழை விடட்டும், தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.